பட்ஜெட் கம்மி, காமெடி ஜாஸ்தி: சீன சரித்திர சீரியல் கேள்வி-பதில்

போன இதழ்ல 'தி ரொமான்ஸ் ஆஃப் டைகர் அண்ட் ரோஸ்'ங்கற சீன சீரியல் பத்தி போற போக்குல நாலு வரிதான் எழுதினோம். 2020 மே மாசம் டென்சென்ட் வீடியோங்கற சீன இணையத் தளத்துல வந்தது, மொத்தமே 24 எபிசோட், பெரிய செலவெல்லாம் இல்லாம எடுத்த சரித்திரக் காதல் காமெடின்னு. அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு சத்தியமா எதிர்பார்க்கல. இந்த வாரம் முழுக்க அதுதான், சமையல் சந்தேகம் கேட்டவங்க அடுத்த வாரம் வரைக்கும் பொறுத்துக்கங்க.

பேரெல்லாம் வாயில நுழையல. கதையை மட்டும் சொல்லுங்க, பிடிச்சா பார்க்குறேன்.
– இல்லத்தரசி, விருதுநகர்

சொல்றேன். சென் சியாவ்சியென்னு ஒரு பொண்ணு, சீரியலுக்கு கதை எழுதுறவங்க. அவங்க எழுதின சரித்திரக் கதைக்கு ஸ்கிரிப்ட் வாசிப்பு நடக்குது, ஹீரோவா நடிக்க வந்தவர் உங்களுக்கு காதல்னா என்னன்னே தெரியலையேங்கற ரேஞ்சுல குறை சொல்லிடுறார். ரோஷம் வந்து ராத்திரி உக்காந்து எழுதி எழுதி அப்படியே தூங்கிப் போறாங்க, கண்ணு முழிச்சா அவங்க எழுதின கதைக்குள்ளயே கிடக்குறாங்க. சரி, ஹீரோயினாவாவது ஆனாங்களான்னா அதுவும் இல்ல. ஊரே கரிச்சுக் கொட்டுற மூணாவது இளவரசி சென் சியென்சியென்னா ஆகிடுறாங்க, அதுவும் மூணாவது எபிசோட்லயே ஹீரோ விஷம் வெச்சு கொல்லப் போற கேரக்டர். கதைப்படி நெஜ ஹீரோயின் ரெண்டாவது இளவரசி சென் சூச்சூ. ஹீரோ ஹான் ஷுவோ பக்கத்து ஊரான ஷுவான்ஹுவோட இளவரசன், இதயத்துல கோளாறு, அதுக்கு மருந்தான 'டிராகன் எலும்பு' இளவரசியோட ஊரான ஹுவாயுவான்ல இருக்கு, அதைத் திருடத்தான் வந்திருக்கான். இதெல்லாம் இந்தம்மாவுக்கு அத்துப்படி, ஏன்னா எழுதினதே இவங்கதான்.

இங்கதான் காமெடி. இவங்க ஓடுறது, ஒளியுறது, ஹான் ஷுவோவுக்கு என்ன வேணும்னு முன்கூட்டியே தெரிஞ்சு எடுத்துக் கொடுக்கறது எல்லாமே உயிரைக் காப்பாத்திக்க. அவனோ 'என் மனசுல இருக்கறது இவளுக்கு எப்படித் தெரியும், அப்போ என் மேல இவளுக்கு எவ்ளோ பிரியம்'னு ஒவ்வொண்ணையும் காதல் கணக்குல எழுதிக்கிறான். கொல்ல வந்தவன் கொல்ல முடியாம முழிச்சு, அப்புறம் கொல்ல மனசு வராம முழிச்சு, கடைசியில இவ நம்மளை கண்டுக்கவே மாட்டேங்கறாளேன்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கற லெவலுக்கு வந்துடறான். கூடவே பாய் ஜின்னு ஒரு மெய்க்காப்பாளன், எஜமானன் புத்தி எங்க போச்சுன்னு புரியாம வாளைப் புடிச்சுக்கிட்டு நிப்பான் பாருங்க, அந்த முகத்துக்காகவே பார்க்கலாம்.

என் வீட்டுக்காரர் ஒரு எபிசோட் பார்த்துட்டு 'என்னடி இது, ஸ்கூல் ஆண்டுவிழா நாடகம் மாதிரி இருக்கு'ங்கறார். நிஜமாவே செலவு கம்மின்னு பார்த்தாலே தெரியுதா?
– கோபமான ரசிகை, ஈரோடு

உங்க வீட்டுக்காரர் கண்ணு நல்ல கண்ணுதான், கோச்சுக்காதீங்க. இந்த ரக சீரியல்கள்ல எங்கெல்லாம் காசை மிச்சம் புடிப்பாங்கன்னு ஒருதடவை தெரிஞ்சுட்டா அப்புறம் எதைப் பார்த்தாலும் கண்ணு அங்கதான் போகும். படை கிளம்புதுன்னா பதினைஞ்சு பேரை நிக்க வெச்சு கேமராவை தரையோட தரையா வெச்சுடுவாங்க, முன்னாடி நாலு குதிரைக் காலும் கொஞ்சம் புழுதியும் தெரியும், மிச்சப் படை உங்க கற்பனையில. அரண்மனைக்கு ஒரே தாழ்வாரம், காலையில ராஜா நடப்பார், சாயங்காலம் அதே தாழ்வாரத்துல லாந்தரை மாத்திட்டு வில்லன் நடப்பான். ஆளு பின்னாடி எல்லாமே மங்கலா இருக்கும், அழகுக்குன்னு நினைப்போம், பின்னாடி காட்ட ஒண்ணும் இல்லைங்கறதும் ஒரு காரணம். வருஷம் பூரா பூத்துக் குலுங்குற பீச் மரம் துணிப்பூ. நெத்தியில விக் ஒட்டின ஓரம் க்ளோஸ்-அப்ல லேசா தூக்கிட்டு நிக்கும், வேர்க்குற சீன்னா இன்னும் நல்லாவே தெரியும்.

டிரெஸ் விஷயம் தனி விளையாட்டு. வாடகைக்கு எடுக்குற உடுப்பு சீரியல் விட்டு சீரியல் சுத்தும், ஒண்ணுல பட்டத்து ராணி போட்டிருந்த அங்கி இன்னொண்ணுல தோழி மேல இருக்கும், சீன ரசிகர்கள் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டறதை ஒரு வேலையாவே செய்யுறாங்க.

ஆனா அவர்கிட்ட ஒண்ணு கேளுங்க. மேல நான் சொன்ன கதையில காசு செலவாகுற இடம் எது? ஒருத்தி இன்னொருத்தி உடம்புக்குள்ள போறதுக்கு கிராஃபிக்ஸே வேண்டாம், நடிகை கண்ணை முழிச்சு 'ஐயோ'ன்னா போதும். தப்பா புரிஞ்சுக்கறதுக்கு செட் வேண்டாம், ரெண்டு பேர், ஒரு மேஜை, ஒரு ஜாடி. போர்க்களம் எடுக்க வக்கில்லாதவங்க எழுதுறவங்களை நம்பித்தான் ஆகணும், எழுத்து நல்லா அமைஞ்சுட்டா அந்த வறுமை கண்ணுக்கே தெரியாது. அமையலேன்னா துணிப்பூ மட்டும்தான் தெரியும், அப்படிப்பட்டதும் டஜன் கணக்குல இருக்கு, அதையெல்லாம் நான் தாங்கிப் பேசமாட்டேன்.

இப்படி ஏழை சீரியல் ஹிட்டாகறது எப்ப ஆரம்பிச்சுது?
– காலேஜ் மாணவி, நாகர்கோவில்

அதுக்கு முன்னாடியும் சின்னச் செலவு வெப் சீரியல்கள் இருந்துச்சு, ஆனா நாடே திரும்பிப் பார்த்தது 'கோ பிரின்சஸ் கோ'. 2015 டிசம்பர்ல லெடிவி தளத்துல வந்தது. பொண்ணுங்க பின்னாடியே சுத்தின இந்தக் காலத்துப் பணக்காரப் பையன் நீச்சல் குளத்துல விழுறான், எந்திரிச்சா பழைய காலத்துப் பட்டத்து இளவரசி உடம்புல இருக்கான். அப்புறம் அந்தப்புரத்துல அவன் படுற பாடு. ஷியான் செங்ங்கற எழுத்தாளரோட இணைய நாவல்தான் மூலம்.

காசு இல்லைங்கறதை அவங்க மறைக்கவே இல்ல, அதுதான் கெட்டிக்காரத்தனம். ராஜவம்சத்து ஆளுங்க காலைப் பார்த்தா இப்பத்தான் கடையில வாங்கின மாதிரி வார் செருப்பு. இளவரசன் வந்தா எங்கிருந்தோ காத்து அடிக்கும், மெல்லிசுத் துணி பறக்கும், ரூமுக்குள்ள கதவு சாத்தியிருந்தாலும் பறக்கும், பக்கத்துல ஊதுற மெஷினை வெச்சிருக்காங்கன்னு ஊருக்கே தெரியும். ஜனங்க கிண்டல் பண்ண பண்ண தயாரிப்பு பக்கமும் 'ஆமா நாங்க பரம ஏழைங்க'ன்னு சேர்ந்து கும்மியடிச்சாங்க, அதுவே விளம்பரமாச்சு. இந்த ஒரு சீரியல்ல நாயகி ஜாங் தியன்ஐ, நாயகன் ஷெங் யிலுன் ரெண்டு பேரும் ஒரே மாசத்துல ஊரறிஞ்ச ஆளுங்களாகிட்டாங்க. 2016 ஜனவரியில திடீர்னு தளத்துலேருந்து தூக்கிட்டாங்க, அப்புறம் வெட்டி ஒட்டின வெர்ஷன்தான் திரும்பி வந்துச்சு.

நீங்க கொரியன் பார்க்குறவங்களா இருந்தா இந்தக் கதை உங்களுக்கு ஏற்கனவே தெரியும். 2020 டிசம்பர்ல டிவிஎன் சேனல்ல வந்த 'மிஸ்டர் குவீன்' இதோட கொரிய வடிவம்தான், பணக்காரப் பையனுக்கு பதிலா ஜனாதிபதி மாளிகை சமையல்காரர். அதுக்கு செலவும் பெருசு, ஷின் ஹே-சன் நடிப்பும் வேற லெவல், கடைசி எபிசோட் ரேட்டிங் 17 சதவீதத்தைத் தாண்டிடுச்சு. வார் செருப்புல ஆரம்பிச்ச கதை எங்க போய் நின்னுச்சு பாருங்க.

டைகர் அண்ட் ரோஸ்ல பொண்ணுங்க ஊரை ஆளுறாங்க, ஆம்பளைங்க அடக்க ஒடுக்கமா வீட்ல இருக்காங்க. சீனாவுல நிஜமாவே அப்படி ஊர் இருந்துச்சா?
– ரிட்டயர்டு ஆசிரியர், தஞ்சாவூர்

ஐயா, அப்படியே அந்த ஹுவாயுவான் நகரம் மாதிரி இல்லீங்க. பெண் வழி வம்சம்னா யுனான், சிச்சுவான் மாகாண எல்லையில லூகு ஏரிக்கரையில இருக்குற மொசுவோ மக்களைச் சொல்லலாம். அங்க வீட்டு நிர்வாகம் பாட்டி கையில, பேர், சொத்து எல்லாம் அம்மா வழியில போகும், ஆம்பளை தன்னோட அம்மா வீட்லயே இருந்துக்கிட்டு சகோதரி பிள்ளைங்களை வளர்ப்பார், ராத்திரி மட்டும் துணைவி வீட்டுக்குப் போய் வருவார். அது குடும்ப அமைப்பு, ஆம்பளைங்களை அடக்கி ஆண்ட ராஜ்யம் இல்ல. சிம்மாசனத்துல தானே பேரரசர்னு பட்டம் கட்டிக்கிட்டு உக்காந்த பெண் சீன சரித்திரத்துலயே ஒருத்தர்தான், வூ சேதியென், 690லேருந்து 705 வரைக்கும்.

ஆனா நீங்க ஆசிரியர்ங்கறதால இதை கண்டிப்பா சொல்லணும். ஆணையும் பெண்ணையும் தலைகீழா மாத்தி வெச்சு சிரிக்க வைக்குற இந்த ஐடியா சீனாவுல 200 வருஷப் பழசு. 19ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல லீ ருஜென்னு ஒருத்தர் 'கண்ணாடியில் பூக்கள்'னு ஒரு பெரிய நாவல் எழுதினார். அதுல லின் ஜியாங்னு ஒரு வியாபாரி அலங்காரச் சாமான் விக்க பெண்கள் ராஜ்யத்துக்குப் போறார், அங்க பாவாடை கட்டுறவங்க ஆம்பளைங்க, தர்பார் நடத்துறவங்க பொம்பளைங்க. அரசருக்கு, அதாவது அந்த அம்மாவுக்கு, இவரைப் பிடிச்சுப் போயி அந்தப்புரத்துல சேர்த்துடறாங்க. அப்புறம் தாடிக்கார பணிப்பெண்கள்(!) வந்து இவருக்கு காது குத்தி, பவுடர் பூசி, காலை மடிச்சு இறுக்கி துணி சுத்தி கட்டிடறாங்க. வலியில அந்த மனுஷன் கத்துற கத்தல், துணியை அவுத்து எறியுறது, அதுக்கு அடி வாங்கறது, எல்லாம் பக்கம் பக்கமா வரும். அன்னைக்கு நெஜ சீனாவுல சின்னப் பொண்ணுங்களுக்கு தினம் நடந்துக்கிட்டு இருந்த கொடுமை அது, ஆம்பளை காலுக்கு வந்தப்புறம்தான் படிச்சவங்களுக்கு சுள்ளுனு ஏறியிருக்கும்.

டைகர் அண்ட் ரோஸ்ல அந்த அளவு கடுமை கிடையாது. ஆனா அதே வேலையை லேசா செய்யுது. பையன்களுக்கு ஒழுக்கப் பாடம், பெருசா படிப்பு பதவின்னு ஆசைப்படக் கூடாது, கல்யாணம் ஆகாம வயசு ஏறினா ஊர் பேசும், ஆம்பளைங்க பாட்டு பாடி மகிழ்விக்குற விடுதிக்கு பொண்ணுங்க போவாங்க, வருவாங்க. இது எதையும் யாரும் நின்னு விளக்கமாட்டாங்க, சாதாரணமா நடந்துக்கிட்டே இருக்கும், நமக்கு சிரிப்பு வந்து அரை செகண்டு கழிச்சுத்தான் 'அட, இதை இப்படியே மாத்திப் போட்டா நம்ம ஊரு'ன்னு உறைக்கும். அப்புறம் கதை ஷுவான்ஹுவுக்கு நகருது, அங்க எல்லாம் நேர்மாறு, பொண்ணுங்களுக்கு எல்லா தடையும். ரெண்டு ஊரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சது நல்ல யோசனை. எனக்குக் குறை என்னன்னா ரெண்டாவது ஊருக்குப் போனப்புறம் கிண்டல் குறைஞ்சு உபதேசம் கூடிடுச்சு.

இது எந்த ராஜவம்சம்? மிங்கா, டாங்கா?
– யுபிஎஸ்சி படிக்குறவன், மதுரை

எதுவும் இல்ல தம்பி, குறிப்பு எடுக்காதீங்க! முழுக்க கற்பனை நாடு. அது சோம்பேறித்தனம் மட்டும் இல்ல, பாதுகாப்பும் கூட. 2011லயே சீன ஒலிபரப்புத் துறை, காலப்பயணம் பண்ற சீரியல்கள்லாம் வரலாற்றை விளையாட்டா எடுத்துக்குதுன்னு வெளிப்படையா கண்டிச்சுது. நெஜ ராஜாவை வெச்சா அவர் அப்படியா பேசினார், அந்த வருஷம் அந்தக் கொண்டை உண்டான்னு ஆயிரம் நொட்டை. அதனால நாடே இல்லாத நாடு, காலமே இல்லாத காலம், போற வழியும் நேரா காலப்பயணமா இருக்காது, கனவு, ஸ்கிரிப்ட், நாவல், கேம்னு எதாவது ஒரு சந்து வழியா போவாங்க. உடையும் நாலு காலத்தைக் கலந்துகட்டி தைச்சுக்கலாம், செலவும் மிச்சம்.

நெஜ வம்சத்தைத் தொட்டா என்ன ஆகும்ங்கறதுக்கு மேல சொன்ன மிஸ்டர் குவீனே சாட்சி. அது பழைய கொரியாவை ஆண்ட ஜோசன் வம்சத்து நெஜ ராஜாவை வெச்ச கதை, அரசவைக் குறிப்பேட்டை கிண்டல் பண்ற ஒரு வசனத்துக்கு கொரியாவுல பெரிய ரகளை, ஒரு நெஜ குலத்தோட பேரையும் மாத்த வேண்டி வந்துச்சு. சீனாக்காரங்க அந்த வம்பே வேண்டாம்னு ஒதுங்கிட்டாங்க.

எல்லா சீன சீரியல்லயும் அதே அரண்மனை, அதே படிக்கட்டு வருதே, என் கண்ணுக்குத்தான் கோளாறா?
– கண் டாக்டர்கிட்ட போகலாமான்னு யோசிப்பவர், சேலம்

ஃபீஸை மிச்சம் பண்ணுங்க, அது அதே படிக்கட்டுதான். ஜெஜியாங் மாகாணத்துல டோங்யாங் பக்கம் ஹெங்டியான்னு ஒரு ஊர். 1996ல இயக்குநர் ஷியே ஜின் 'தி ஓபியம் வார்' படம் எடுக்க பழைய குவாங்ஜோ தெரு ஒண்ணு வேணும்னப்போ, ஷூ வென்ராங்னு அந்த ஊர் தொழிலதிபர் கட்டிக் கொடுத்தார். அப்புறம் சென் கைகேங்கற இயக்குநரோட படத்துக்காக சின் வம்ச அரண்மனை, அப்புறம் பெய்ஜிங் அரண்மனையோட நகல்னு ஊரே செட்டாகிடுச்சு.

சின்ன பட்ஜெட்காரங்களுக்கு சாமி வரம் கொடுத்தது 2000ல. படப்பிடிப்புக்கு இடத்துக்கு வாடகையே வேண்டாம்னு அறிவிச்சுட்டாங்க. உங்களுக்குத் தோணும், அப்புறம் எப்படி பொழப்புன்னு. யூனிட் தங்குற ஹோட்டல், உடுப்பு வாடகை, சாமான் வாடகை, துணை நடிகர்கள், அப்புறம் டிக்கெட் வாங்கிட்டு வேடிக்கை பார்க்க வர்ற டூரிஸ்ட், எல்லாம் அவங்க வருமானம். அரண்மனை ஓசி, சாப்பாடும் கொண்டையும்தான் காசு. அதனாலதான் கையில பெருசா ஒண்ணும் இல்லாதவங்களும் ராஜா கதை எடுக்கத் துணியறாங்க, நாமளும் ஒரே படிக்கட்டுல நாலு வம்சம் ஏறி இறங்கறதைப் பார்க்கறோம்.

வாய் ஒண்ணு பேசுது, குரல் ஒண்ணு பேசுதே?
– வாசகர், காரைக்கால்

டப்பிங். நடிக்குறது ஒருத்தர், குரல் இன்னொருத்தர்ங்கறது சீன சரித்திர சீரியல்ல ரொம்ப சகஜம், பெரிய பட்ஜெட்லயும் உண்டு. ஹெங்டியான்ல ஒரு மண்டபத்துல காதல் சீன், சுவருக்கு அந்தப் பக்கம் வேற யூனிட் குண்டு வெடிச்சுக்கிட்டு இருக்கும், நடுவுல டூரிஸ்ட் கூட்டம், இதுல நேரடி ஒலி எப்படி எடுக்கறது. அதோட ஆளாளுக்கு ஒரு ஊர் பேச்சு வாடை வேற இருக்கும், அதை மறைச்சு சுத்தமான மாண்டரின் கொடுக்கவும் டப்பிங்தான் வசதி. தமிழ் சினிமா பார்த்து வளர்ந்த நமக்கு இதெல்லாம் புதுசா என்ன.

இந்த மாதிரி சீரியல்ல ஏன் எப்பவும் புதுமுகம்? பெரிய ஸ்டார் ஏன் வரமாட்டாங்க?
– ஸ்டார் பிரியை, பாண்டிச்சேரி

சம்பளம்தாம்மா. அங்க பெரிய நடிகர்கள் சம்பளம் எகிறி, படத்துச் செலவுல பெரும்பங்கு அவங்க பாக்கெட்டுக்கே போயிட்டு இருந்துச்சு. 2018ல பிரபல நடிகை ஃபேன் பிங்பிங்கோட வரி விவகாரம் வெடிச்சதுக்கு அப்புறம் ஆகஸ்ட் மாசம் ஐச்சியி, யூகு, டென்சென்ட் மூணு தளமும் சில தயாரிப்பு கம்பெனிகளோட சேர்ந்து, ஒரு நடிகருக்கு எபிசோடுக்கு 10 லட்சம் யுவான், மொத்தமா 5 கோடி யுவானுக்கு மேல கிடையாதுன்னு உச்சவரம்பு போட்டாங்க. அந்த உச்சவரம்பே நம்ம ரக சீரியலுக்கு எட்டாத உயரம், அதனால புதுசா வர்றவங்களைப் போட்டுத்தான் எடுப்பாங்க.

ஆனா இங்க நடிச்சவங்க லிஸ்ட்டைப் பார்த்தா ஆச்சரியமா இருக்கும். 2018ல 'ஓ! மை எம்பரர்'னு ஒண்ணு, பார்த்தா சிரிப்பு வர்ற அளவு எளிமையான தயாரிப்பு, அதுல ஜாவ் லூசியும் இருக்காங்க, ஷியாவ் ஜானும் இருக்கார். அவர் அடுத்த வருஷமே 'தி அன்டேம்ட்' மூலமா எங்கயோ போயிட்டார். ஜாவ் லூசிக்கு ரெண்டு வருஷம் கழிச்சு டைகர் அண்ட் ரோஸ்ல நாயகி வேஷம், அதுக்கப்புறம் 2022ல 'லவ் லைக் த கேலக்ஸி', 2023ல 'ஹிடன் லவ்'. பயந்தா உண்மையாவே பயந்த மூஞ்சி, அழகா தெரியணுமேங்கற கவலை இல்லாம வாயைக் கோணிக்கிட்டு அழற தைரியம், அது காமெடிக்கு ரொம்ப முக்கியம், நிறைய அழகிகளுக்கு அது வராது. ஹான் ஷுவோவா நடிச்ச டிங் யூஷி 2024ல 'லவ் கேம் இன் ஈஸ்டர்ன் ஃபேன்டஸி'ல வந்தப்போ அதுலயும் நாயகி ஒரு நாவலுக்குள்ள போய்த்தான் இவரைச் சந்திக்கிறா. பாவம் மனுஷனுக்கு நேர் வாசல் வழியா வர்ற காதலியே அமையல.

எனக்கு ஹான் ஷுவோவை விட பெய் ஹெங்கைத்தான் பிடிச்சிருக்கு. நான் மட்டும்தானா?
– ப்ளஸ் டூ, கும்பகோணம்

நீங்க மட்டும் இல்ல, பெரிய கூட்டமே உங்க பின்னாடி நிக்குது. மூணாவது இளவரசிக்கு நிச்சயம் பண்ணின மாப்பிள்ளை, படிச்சவர், அமைதியானவர், வாயைத் திறந்து கேட்டுத் தொலையாதவர். கேட்காததுதான் பிரச்சினை. கதை எழுதினவங்களே உள்ள வந்தும் அவருக்கு ஒரு நல்ல வழி பண்ணாம விட்டாங்களேன்னு எனக்கும் ஆத்திரம்தான். சரி, பரீட்சைக்குப் படிங்க.

நம்ம சீரியல் ஆயிரம் எபிசோட் ஓடுது, அவங்க எப்படி 24ல முடிக்கிறாங்க?
– தினமும் ஒன்பது மணிக்கு டிவி முன்னாடி உக்காருபவர், திருச்சி

நம்மளது இன்னைக்கு எடுத்து அடுத்த வாரம் ஓடுறது, ரேட்டிங் இருக்குற வரைக்கும் இழுக்கலாம், செத்தவர் திரும்பி வரலாம். அங்க முழு கதையையும் எழுதி, எடுத்து, எடிட் பண்ணி, தணிக்கைக்குக் கொடுத்து அப்புறம்தான் முதல் எபிசோடே வெளிய வரும். நடுவுல கதையை மாத்த முடியாது. 2020 பிப்ரவரியில 40 எபிசோடைத் தாண்டக் கூடாது, 30க்குள்ள முடிச்சா நல்லதுன்னும் அரசு அப்போ சொல்லியிருந்துச்சு, அதுக்கு முன்னாடி 60, 70னு ஜவ்வா இழுத்தவங்க அங்கயும் உண்டு. காமெடிக்கு 24 சரியான அளவு. இதுலயே 16க்கு மேல கொஞ்சம் தொய்வு தெரியும், ரெண்டு பேருக்கும் மனசு ஒத்துப் போனப்புறம் தப்பா புரிஞ்சுக்க ஒண்ணும் பாக்கி இல்ல, உடனே பிரிக்கறதுக்கு காரணம் தேட ஆரம்பிச்சுடறாங்க. அந்த ஏரியாவை நான் ஓட்டி ஓட்டித்தான் பார்த்தேன்.

எதுல பார்க்கறது? ஆப் கிடைக்கலையே.
– வாசகி, கோவை

டென்சென்ட்டோட வீடிவி ஆப் 2020 நவம்பர்ல இந்திய அரசு தடை பண்ணின 43 ஆப் லிஸ்ட்டுல போயிடுச்சு, அதனால நம்ம ஊர்ல அதைத் தேட வேண்டாம். யூடியூப்ல தளங்களோட அதிகாரப்பூர்வ சேனல்கள்ல இங்கிலீஷ் சப்டைட்டிலோட நிறைய சீரியல் கிடக்கு, விளம்பரம் வரும், பொறுத்துக்கங்க. விக்கி (Viki)ங்கற வீடியோ தளத்துல, விக்கிபீடியா இல்ல, ரசிகர்களே சம்பளம் இல்லாம சப்டைட்டில் போடுவாங்க, கிண்டல் வசனத்துக்கு பல சமயம் அதுதான் பெட்டர், ஏன்னா போடுறவங்களுக்கே சிரிப்பு புரிஞ்சு போட்டிருப்பாங்க.

போன்ல ஒரு நிமிஷ சீரியல் வருதே, அதுவும் இந்த வகைதானா?
– பஸ்ல போகும்போது மட்டும் பார்ப்பவர், வேலூர்

சொந்தக்காரங்கதான், ஆனா குணம் வேற. நிமிர்த்தி வெச்ச போனுக்குன்னே எடுக்கறது, எபிசோட் ஒண்ணு ரெண்டு நிமிஷம், மொத்த சீரியலையும் ஒரு வாரம் பத்து நாள்ல முடிச்சுடுவாங்க. ஒவ்வொரு நிமிஷக் கடைசியிலும் ஒரு அறை, ஒரு துரோகம், ஒரு 'நான்தான் உண்மையான இளவரசி', அப்பத்தான் அடுத்ததுக்கு காசு கட்டுவீங்க. காமெடிக்கு அங்க இடம் கம்மி. சிரிக்க வைக்க முதல்ல ஒருத்தரை நமக்குப் பழக்கப்படுத்தணும், அதுக்கு நேரம் வேணும், அவங்ககிட்ட இல்லாதது அதுதான்.

இதே மாதிரி இன்னொண்ணு சொல்லுங்க.
– பாதி கேள்வியை விழுங்கிய பலர், பல ஊர்கள்

2017ல வந்த 'தி எடர்னல் லவ்'. லியாங் ஜியே, ஷிங் ஜாவ்லின். ஒரே உடம்புல ரெண்டு பொண்ணுங்க, ஒருத்தி இந்தக் காலத்துக்காரி, ஒருத்தி அந்தக் காலத்துக்காரி, ஒருத்திக்கு எட்டாவது இளவரசனைப் பிடிக்கும், இன்னொருத்தி மனசு வேற ஆள்கிட்ட. ஒரே நடிகை கண்ணை மாத்தி, குரல் ஏத்த இறக்கத்தை மாத்தி ரெண்டு பேரா நிக்கணும், நிக்கிறாங்க. முதல் சீசன் போதும், அடுத்தடுத்த சீசனுக்குப் போறவங்க அவங்க அவங்க சொந்த ரிஸ்க்.

நான் டைகர் அண்ட் ரோஸ் மூணு எபிசோட் பார்த்துட்டேன். சிரிப்பே வரல. தொடரலாமா, விடலாமா?
– குழப்பத்தில், ஓசூர்

விட்டுடுங்க. மூணாவது எபிசோட்ல அவங்க சாகாம தப்பிக்கிறப்போ உங்களுக்கு அப்பாடான்னு தோணலேன்னா மிச்சம் 21லயும் தோணப் போறதில்ல.